குடுவைச் செடிக்கு மாப்பிள்ளை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடி என்னுடையது. வாங்கி வந்தவன் நான். பால்கனியில் கொக்கி அடித்து மாட்டியவன் நான். ஆறு வருஷமாகத் தினமும் காலையில் அதன் முன்னால் கைகட்டி நின்று பார்த்தவனும் நான்தான். தண்ணீர் ஊற்றியது என் மனைவி என்பதெல்லாம் சில்லறை விவரம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் செடி வளர்ப்போர் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டுகிற யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

அது குடுவைச் செடி. இலை நுனியிலிருந்து கம்பி மாதிரி ஒன்று நீண்டு இறங்கும். அதன் முனையில் மூடி வைத்த கூஜா மாதிரி ஒரு குடுவை தொங்கும். குடுவையின் வாயோரத்தில் தேன் சுரக்கும். தேனுக்கு ஆசைப்பட்டு வருகிற எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழும். உள்ளே இருக்கிற நீர் அவற்றைக் கரைத்துச் செடிக்கு ஊட்டிவிடும்.

"வாயில தேன், வயித்துல அமிலம். எங்க மேனேஜர் மாதிரியே இருக்கு" என்றாள் என் மனைவி, அது வீட்டுக்கு வந்த முதல் நாள்.

அவள் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் பிரிவில் இருக்கிறாள். காலையிலிருந்து மாலை வரை தொலைபேசியில் ஊரே அவளைத் திட்டும். அவள் குரல் ஒரு இழை ஏறாது. "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன், வேற ஏதாவது இருக்குங்களா" என்பாள். அதே குரலைத்தான் வீட்டுக்கும் எடுத்து வருகிறாள். இருபது வருஷத்தில் நான் சொன்ன புகார்கள் அத்தனையும் பதிவாகியிருக்கின்றன. ஒன்றுகூடத் தீர்ந்ததில்லை.

நான் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்து லென்ஸ் தேய்ப்பவன். எங்கள் தொழிலில் கண்ணில் பூ விழுந்தது என்றால் வருத்தமான சேதி. ஆனால் போன வருஷம் ஒரு நாள் காலையில் என் கண்ணில் ஒரு பூ விழுந்தபோது நான் பனியனோடு வீட்டுக்குள் ஓடினேன்.

"ஏம்மா, செடி பூத்திருக்கு."

"ஆணா, பெண்ணா?"

இது அசட்டுக் கேள்வி இல்லை. குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூக்கிற வரைக்கும் எது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அரைமணி நேரம் ஆராய்ந்து, பெண் என்று அறிவித்தேன். அவள் குக்கரை இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சப் பொடி இல்ல. பச்சையா குண்டு குண்டா இருக்கு. பெண்தான். இதுக்கு அரைமணி நேரமா?"

அந்த நிமிஷமே நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்தச் செடிக்கு ஒரு மாப்பிள்ளை பார்ப்பேன். வேறு ரகத்து மாப்பிள்ளை. கலப்பு விதை எடுப்பேன். அதை முளைக்கவைப்பேன். உலகத்தில் இல்லாத ஒரு புது ரகத்தை உருவாக்கி, சங்கத்துப் பதிவேட்டில் என் பெயரை ஏற்றாமல் ஓய மாட்டேன். சபதத்தை உரக்கவே சொன்னேன்.

"சரி. முதல்ல சட்டையப் போடுங்க" என்றாள்.

மாப்பிள்ளை எங்கோ தூரத்தில் இல்லை. எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் இருந்தது. அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். அவரிடம் பச்சையில் கருஞ்சிவப்புப் புள்ளி போட்ட குடுவைச் செடி ஒன்று உண்டு. அதுவும் அதே வாரம் பூத்திருந்தது. நீளமான பூங்கதிர், நுனியெல்லாம் மஞ்சள் பொடி. சந்தேகமே இல்லை, ஆண். பால்கனிக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி என் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் மாட்டு டாக்டரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் சங்கக் கூட்டத்துக்கு என் செடியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நாற்பது பேர் முன்னால் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது செடி இல்ல தம்பி, நோயாளி" என்றார். "உங்க வைத்தியத்த மாட்டோட வச்சுக்குங்க" என்று நானும் சொன்னேன். அதோடு சரி. அந்த மூக்குக்கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தவன் நான் என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

பெண் வீட்டுக்காரன் என்பதற்காக நான் படியேறிப் போய்க் கெஞ்ச வேண்டுமா? மாட்டேன். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். ஒட்டடைக் கம்பின் முனையில் ஒரு மெல்லிய தூரிகையைக் கட்டினேன். எங்கள் பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறி, அண்ணாந்து நின்று, மேல்வீட்டுப் பூங்கதிரை மெல்ல வருடினால் பொடி தூரிகையில் ஒட்டிக்கொள்ளும். திருட்டு இல்லை. பூ வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளிக்காற்று பொதுச் சொத்து.

ஸ்டூலில் ஏறி, கம்பை நீட்டி, பூவுக்கு நாலு விரல் தூரத்தில் இருக்கிறேன். பின்னால் குரல் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

"ஒட்டடை அடிக்கிறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"ஒட்டடையா? நீங்களா?"

"ஏன், நான் அடிக்கக் கூடாதா?"

"தாராளமா அடிங்க. இருபது வருஷமா நானும் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். பால்கனில ஒட்டடையே இல்லையே. ஹால்ல இருக்கு. ரெண்டு ரூம்லயும் இருக்கு. சமையலறை மூலைல ஒரு சிலந்தி குடும்பமே நடத்துது. வாங்க."

அன்று வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். பரண் மேல் அடித்தேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். தூரிகை மயிர் அத்தனையும் கரிப்பிடித்துப் போயிற்று. இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினேன். கடையில் ஒரு வாடிக்கையாளர், முதலாளி ரொம்ப மரியாதையாகத் திரும்புகிறாரே என்றார்.

மூன்றாம் நாள் என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"மேல்வீட்டுப் பூ வேணும்னா கேட்டா குடுத்துட்டுப் போறாரு. எதுக்கு இந்தச் சர்க்கஸ்?"

"என் சுயமரியாதை என்னாவது?"

"அது கழுத்துலயா இருக்கு? சரி, நான் போய்ட்டு வர்றேன்."

போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே பூங்கதிர் முழுசாக இருந்தது, காம்போடு.

"எப்படிக் குடுத்தாரு?"

"கேட்டேன், குடுத்தாரு."

"என்னன்னு கேட்ட?"

"அண்ணே, உங்க வீட்டு மாப்பிள்ளைய எங்க வீட்டுப் பொண்ணுக்குக் குடுப்பீங்களான்னு கேட்டேன். சிரிச்சுட்டாரு."

"அண்ணனா?"

"வயசுல பெரியவரு. வேற எப்படிக் கூப்பிடறது?"

பாருங்கள் அநியாயத்தை. விதை முளைப்பதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு மச்சான் முளைத்துவிட்டார். செடி வகையில் அவர் சம்பந்தி, மனைவி வகையில் மச்சான். எந்த முறையில் முறைப்பது என்றே தெரியவில்லை.

"பதிலுக்கு என்ன தர்றேன்னு சொன்ன?"

"நம்மகிட்ட தர்றதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தைலத்தை மூடி வைத்தாள். அது பதில் இல்லை, கேள்வி என்பது எனக்கு எட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் உறைத்தது.

கல்யாணத்தை நானே நடத்திவைத்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, புதுத் தூரிகையால் மஞ்சள் பொடியை எடுத்து, ஒவ்வொரு பெண் பூவின் நுனியிலும் வைத்தேன். மூன்று நாள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூன்றாம் நாள் எனக்குத் தும்மல் வந்தது. அவள் ஒரு கையால் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீதிப் பூக்களுக்குப் பொடி வைத்து முடித்தாள். அந்த அளவுக்கு உதவி செய்தாள் என்பதை நான் மறுக்கவில்லை.

பூக்கள் காயாயின. இரண்டரை மாதத்தில் காய்கள் பழுப்பாகி நுனி பிளக்க ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை அறுவடை என்று நாள் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கதிரின் கீழ்ப்பாதியில் காய்களே இல்லை. காம்பு மட்டும் நின்றது.

"காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்" என்றேன், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"இருக்கும்" என்றாள்.

மீதியிருந்த காய்களை வெள்ளைத் தாளில் உதிர்த்தேன். குடுவைச் செடியின் விதை என்றால் உங்களுக்குத் தெரியாது. நறுக்கிப் போட்ட தலைமுடி மாதிரி இருக்கும். நடுவில் ஒரு சின்னப் புடைப்பு, இரண்டு பக்கமும் இழை. மூச்சு விட்டால் பறக்கும். காற்றுதான் எதிரி என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அன்றிலிருந்து ஹாலில் மின்விசிறி போடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். வெயில் கொளுத்துகிற மாதம்.

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு மாசம். முளைக்கிற வரைக்கும்."

"சரி."

"கோவம் இல்லையே?"

"எதுக்குக் கோவம்? நான் சாயங்காலத்துல கொஞ்ச நேரம் நடந்துட்டு வர்றேன். உடம்புக்கும் நல்லது."

இத்தனை வருஷமாக நட, நட என்று நான் சொல்லிக் கேட்காதவள், தானாக நடக்கிறேன் என்கிறாள். நான் அகமகிழ்ந்து போனேன்.

விதைத்தேன். மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரப் பாசி, பாசி மேல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்த விதைகள். குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத்தண்ணீர்தான். அவள் வாளி வாளியாகப் பிடித்து வைத்திருந்தாள். பெட்டியைப் பால்கனி அலமாரியில் வைத்தேன். பாசியில் நான் வைத்த பாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. எழுந்ததும் திறந்து பார்ப்பேன். பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பேன். கடைக்குக் கிளம்பும் முன் பார்ப்பேன். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்து பார்ப்பேன்.

"அதை மூடியே வைங்க. சும்மா சும்மா திறந்தா ஈரம் போயிடும், வெளியில இருக்கற பூஞ்சையெல்லாம் உள்ள போயிடும்" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"அண்ணன்தான்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு மடங்கு திறந்தேன்.

ஐந்தாவது வாரம் பெட்டிக்குள் ஏதோ முளைத்தது. வெள்ளையாக, பஞ்சு மாதிரி. அது விதை இல்லை, பூஞ்சை. ஒரே வாரத்தில் அத்தனை விதையும் பாசியும் சேர்ந்து ஒரு நரைத்த தாடியாகிவிட்டது.

இங்கேதான் விதி விளையாடியது. பூஞ்சை வருவதற்கு முந்தின நாள்தான் சங்கக் கூட்டம். அங்கே மாட்டு டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவி எல்லாரையும் பார்த்து, "புதுசா யாராவது ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாள் நூலகர். யார் என்ன சொன்னாலும் குறிப்பு எடுத்துக்கொள்கிறவர். நான் எழுந்து நின்று, "என் கலப்பு விதை முளைக்க ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு முளைக்கப்போவதை இன்றைக்கே சொல்வது பொய்யா? முன்னறிவிப்பு. கைதட்டினார்கள். மாட்டு டாக்டரும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக.

கைதட்டு வாங்கியபின் தாடியைக் காட்ட முடியுமா? தாடியைக் கொட்டினேன். புதுப் பாசி போட்டேன். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பொடிப் பொடியாய் ஏதோ களை முளைத்திருந்தது. இடுக்கியோடு போய் உட்கார்ந்து முப்பத்திரண்டு களைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து வரிசையாக நட்டேன். மூடியைத் திறந்து பார்ப்பதை நிறுத்தினேன். மற்றவர்களும் பார்க்கக் கூடாது என்பதால்.

களைக்கு இவ்வளவு ராஜோபசாரம் அதன் பரம்பரையிலேயே நடந்திருக்காது. திமுதிமுவென்று வளர்ந்தது. நான் முடிதிருத்துகிறவர் மாதிரி வாரம் ஒரு தடவை கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். ஒரு நாள் ஒன்று தப்பித்துக்கொண்டது.

"ஏங்க, உங்க நாத்து ஒண்ணு பூத்திருக்கு. மஞ்சளா."

"ம்."

"குடுவைச் செடி பூக்க வருஷக்கணக்கா ஆகும்னு சொன்னீங்க. இது மூணு மாசத்துல பூத்துடுச்சே."

"கலப்பினம். ரெண்டு ரகம் சேரும்போது என்ன வரும்னு சொல்ல முடியாது."

"குடுவை ஒண்ணும் காணோமே."

"இது குடுவை இல்லாத ரகமா இருக்கலாம்."

"குடுவை இல்லாத குடுவைச் செடி" என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "பதிவு பண்ணிக்கிறேன்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான்தான் நல்லவன் ஆயிற்றே. யாரையும் சந்தேகிக்க மாட்டேன்.

விதைத்து ஆறு மாதம் ஆகியிருக்கும். தலைவி கடைக்கு வந்தார். கண்ணாடிக் காது தளர்ந்துவிட்டதாம். இறுக்கிக் கொடுத்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை காலைல உங்க நாத்துகளைப் பாக்க வர்றோம். டாக்டரும் வர்றார், அப்பா செடி அவரோடது இல்லையா. நல்லா இருந்தா அன்னைக்கே கலப்புப் பதிவு படிவம் குடுத்துடறேன்" என்றார். எங்கள் சங்கத்தில் நாற்றுப் பருவத்திலேயே பதிந்துகொள்ளலாம். நான் இறுக்கிய இறுக்கில் அந்தக் கண்ணாடிக் காது உடைந்துபோயிற்று.

யோசித்தேன். ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பால்கனியிலிருந்து பெட்டியைத் தூக்கி வருவேன். பால்கனிக் கதவின் கீழ்ப்படியில் கால் தடுக்கும். பெட்டி பறக்கும். பாசி, மண், நாற்று எல்லாம் சிதறும். "ஐயோ, ஆறு மாத உழைப்பு" என்று தலையில் கைவைத்து உட்காருவேன். ஊரே பரிதாபப்படும். மாட்டு டாக்டரே பரிதாபப்படுவார். சனிக்கிழமை ஒரு காலி டப்பாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். தடுக்குவது சுலபம் இல்லை. இயல்பாக வர வேண்டும். ஏழாவது தடவை தடுக்கியபோது அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"காலுல என்ன?"

"ஒண்ணும் இல்ல. மரத்துப்போச்சு."

"ஏழு தடவையா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலைவி வந்தார், கையில் குறிப்பேடு. மாட்டு டாக்டர் வந்தார், கையில் ஒன்றும் இல்லை, முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. "வாங்க அண்ணே" என்று அவள் அவருக்கு நாற்காலி போட்டாள். என் வீட்டில், என் நாற்காலி.

"இருங்க, எடுத்துட்டு வர்றேன்" என்று நான் எழுந்தேன்.

"நான் எடுத்துட்டு வர்றேங்க" என்றாள்.

"நான்தான் எடுப்பேன்."

பால்கனிக்குப் போனேன். பெட்டி அலமாரியில் இருந்தது. மூடியின் உள்பக்கம் நீராவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான். தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். படியில் காலை வைத்து, ஒத்திகையைவிட அருமையாகத் தடுக்கினேன். பெட்டி என் கையை விட்டுப் போயிற்று.

கண் திறந்து பார்த்தபோது நான் தரையில் கிடந்தேன். பெட்டி அவள் கைகளில் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு முன்கூட்டியே நின்றிருக்கிறாள்.

"ஐயோ, அடி பட்டுச்சா?" என்று தலைவி எழுந்தார்.

"பெட்டிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் என் மனைவி.

மேஜையில் வைத்தாள். மூடியை எடுத்தாள். நான் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்து என்ன செய்ய? மானம் போகிற காட்சியை நின்று பார்த்தால் என்ன, உட்கார்ந்து பார்த்தால் என்ன?

"அடடா" என்றார் தலைவி. "எவ்வளவு அழகு."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாசி மேல் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் மாதிரி நாற்றுகள். ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தான் அகலம். ஒவ்வொரு இலை நுனியிலும் எள் அளவுக்கு ஒரு குடுவை. மூடியோடு, வாய் விளிம்போடு, உள்ளே நீரோடு. சிலது என் செடியின் சிவப்பு. சிலது மேல்வீட்டுச் செடியின் பச்சை. ஒன்றே ஒன்று, சிவப்பில் கருஞ்சிவப்புப் புள்ளி போட்டு, இதுவரை நான் எங்கேயும் பார்த்திராத நிறம். பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. என் கண்ணாடியில் நீராவி படிந்துவிட்டது. நீராவிதான், வேறு ஒன்றும் இல்லை.

களை எப்படிக் குடுவைச் செடி ஆயிற்று என்று நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. கலப்பினத்தில் என்ன வரும் என்று சொல்ல முடியாது என்று நான்தானே சொன்னேன். என் வாக்கு பலித்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

"எத்தனை நாள்ல முளைச்சுது தம்பி?" என்று மாட்டு டாக்டர் கேட்டார்.

"முப்பத்திரண்டு நாள்ல."

"அப்படியா? நான் நாப்பத்தஞ்சு ஆகும்னு நினைச்சேன்."

"அனுபவம் இல்லாதவங்களுக்கு ஆகும்."

தலைவி எழுதிக்கொண்டார்.

"பெட்டியை அடிக்கடி திறப்பீங்களா?"

"திறக்கவே கூடாது டாக்டர். அதுதான் முதல் பாடம். திறந்தா ஈரம் போயிடும், பூஞ்சை உள்ள வந்துடும். சில பேருக்குப் பொறுமை கிடையாது. சும்மா சும்மா திறந்து பாப்பாங்க."

என் மனைவிக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

"வெளிச்சம் எந்தப் பக்கம்?"

"கிழக்கு. நேர் வெயில் படக்கூடாது. தண்ணி ஊத்தக் கூடாது, தெளிக்கணும். பனி மாதிரி." நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். "செடி வளக்கறதும் ஒரு வைத்தியம்தான் டாக்டர். ஆனா மாடு கத்தும், செடி கத்தாது. கத்தாத நோயாளிய கவனிக்கிறதுக்குத் தனி மனசு வேணும்."

"உண்மை" என்றார் அவர், தலையை ஆட்டிக்கொண்டு. "கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு."

இருபது நிமிஷம் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. தலைவி இரண்டு பக்கம் எழுதினார். படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு, "வீட்ல நிரப்பி வச்சிருங்க, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று விடைபெற்றார். மாட்டு டாக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, சாயங்காலத்துக்குள்ள பெட்டிய மேல அனுப்பிடுங்க. அதுங்களுக்கு எங்க வீட்டு ஜன்னல்தான் பழக்கம்."

நான் கதவைச் சாத்தினேன். மெதுவாகத்தான் சாத்தினேன். சமையலறைக்குப் போனேன். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டி யாரோடது?"

"நம்மளுதுதான். அந்தப் பெட்டி ரெண்டு ரெண்டாத்தான் விக்கறாங்க. ஒண்ணுல நீங்க விதைச்சீங்க. ஒண்ணுல நான் விதைச்சேன்."

"உனக்கு ஏது விதை?"

"கதிர்ல கீழ்ப்பாதி. பூ குடுத்தா பாதி விதை தர்றேன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன். வாக்கு குடுத்தா குடுத்ததுதானே. சனிக்கிழமையே பறிச்சுட்டேன்."

"காத்து அடிச்சுட்டுப் போச்சுன்னு சொன்னியே."

"நீங்க சொன்னீங்க. நான் 'இருக்கும்'னுதான் சொன்னேன்."

"என்னைக் கேக்க வேண்டாமா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்பது என் கொள்கை.

"அப்போ வளத்தது அவரா?"

"அவருக்குக் கை நடுங்குது, இடுக்கி பிடிக்க வராது. ஜன்னல் அவரோடது. விதைச்சது, தெளிச்சது, பாத்துக்கிட்டது எல்லாம் நான். தினம் சாயங்காலம் போய்ட்டு வந்தேனே."

"நடக்கப் போறேன்னு சொன்ன."

"படியில பறந்தா போனேன்? நடந்துதான் போனேன். அங்க ஃபேனும் ஓடுச்சு."

ஆக, என் மனைவி வளர்த்த நாற்றுகளை, அவை வளர்ந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரரிடமே, எப்படி வளர்க்க வேண்டும் என்று இருபது நிமிஷம் நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"என் பெட்டி எங்க?"

"பரண் மேல பத்திரமா இருக்கு. காலைல நீங்க குளிக்கும்போது மாத்தி வச்சேன். அதுல ரெண்டு காய் விட்டிருக்கு. அது தொட்டி ஓரத்துக் களைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். நான்தானே வாராவாரம் அங்க பிடுங்கிப் போடறேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க ரொம்ப ஆசையா முடி வெட்டிவிட்டுட்டு இருந்தீங்க. தலைவியம்மா முன்னாடி அந்தப் பெட்டி திறந்திருந்தா உங்க முகம் எப்படி ஆகியிருக்கும்? எனக்கு மனசு வரல."

அந்த ஒரு வாக்கியத்தில் என் கோபத்தின் காற்றெல்லாம் இறங்கிவிட்டது. கோபப்படக்கூட விடாத கொடுமையை என்னவென்று சொல்ல? அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படிவத்தை எடுத்து, நின்றபடியே நிரப்பினாள். என் முன்னால் வைத்தாள்.

"கீழ கையெழுத்துப் போடுங்க. செடி உங்க பேர்ல வாங்கினது, அதனால உங்க கையெழுத்து வேணுமாம்."

"என் பேரைச் சரியா எழுதினியா?"

"எந்த இடத்துல வரணுமோ அந்த இடத்துல எழுதியிருக்கேன். இல்ல, தலைவியம்மாகிட்ட மொதல்லேர்ந்து நடந்ததைச் சொல்லிடலாமா?"

"வேண்டாம்" என்றேன். போட்டேன். ஊருக்கெல்லாம் பொடி எழுத்துத் தெரிய கண்ணாடி போட்டுவிடுகிற நான், ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பதிவேட்டின் புதுப் பக்கமாக அந்தப் படிவத்தையே பலகையில் ஒட்டியிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர். இணை உருவாக்கியவர், மாட்டு டாக்டர். வளர்ந்த இடம், மேல்வீட்டுக் கிழக்கு ஜன்னல். 'மேற்கண்டவையும் கீழ்க்கண்டவையும் உண்மை' என்பதற்கு நேரே என் கையெழுத்து, நல்ல தெளிவாக. நான் எங்கே என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டே கீழே வந்தேன். கடைசிக் கட்டத்துக்கு மேலே 'பயன்படுத்திய கருவிகள்' என்று போட்டிருந்தது. அதில் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: தெளிப்பான் ஒன்று, இடுக்கி ஒன்று, கணவர் ஒன்று.